விடியற்காலை வெளிச்சமும் வீட்டு முகங்களும்

(திருநெல்வேலியில் மூத்த குடிமக்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை 'ஓய்வுக்காலப் பொழுதுபோக்குகள்' என்று போட்டிருக்கிறார்கள். இசை, ஓவியம், தோட்டம், யோகா என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் பேசுகிறேன். புகைப்படம், வீட்டு மனிதர்கள், நாய். கேட்கும்போது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஆனால் அறுபது வயதுக்கு மேல் இந்த மூன்றும் எனக்கு ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. இத்தனை காலம் கூடவே இருந்தும் நின்று பார்க்க நேரம் கிடைக்காதவர்களை, நின்று பார்க்க வைத்திருக்கின்றன. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

'இந்த வயசுல கேமரா எதுக்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஜூலியா மார்கரெட் கேமரனைப் பற்றிச் சொல்வேன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் இருக்கும் வைட் தீவில் குடியிருந்தார். கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள். அவர் அங்கே போயிருந்த சமயம், 1863 டிசம்பரில், அம்மா தனியாக இருக்கிறாரே என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவை வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. அந்தக் காலத்தில் அது முதுமையின் வாசல்.

அன்றைக்குப் படம் எடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகிப் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். கை கறுத்துப்போகும், உடுப்பெல்லாம் கறையாகும். நிலக்கரி போட்டுவைத்திருந்த அறையை அந்த அம்மாள் இருட்டறை ஆக்கினார். கோழிக்கூண்டைக் காலி செய்து கண்ணாடிக் கூரையுள்ள ஸ்டூடியோ ஆக்கினார். படம் எடுக்க யார் கிடைத்தார்கள்? வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியர் என்ற பெண். அவரை மாதாவாக உட்கார வைத்தார். உறவுக் குழந்தைகளின் தோளில் சிறகைக் கட்டித் தேவதூதர் ஆக்கினார். தங்கை மகள் ஜூலியா ஜாக்சனைத் திரும்பத் திரும்ப எடுத்தார். அந்தப் பெண்தான் பிற்பாடு வர்ஜீனியா உல்ஃப் என்ற எழுத்தாளரின் தாய். பக்கத்தில் குடியிருந்த கவிஞர் டென்னிசனையும் விடவில்லை.

படங்கள் தெளிவாக இல்லை, விளிம்பெல்லாம் மங்கியிருக்கின்றன என்று அன்றைய புகைப்பட வல்லுநர்கள் குறை சொன்னார்கள். இன்று அவை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது அந்தப் புகழ் அல்ல. படம் தேடி அவர் ஊர் ஊராக அலையவில்லை. வேலைக்காரப் பெண், தங்கை மகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்களின் முகங்களையே கிட்டப் போய் எடுத்தார். 1875-ல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்த பிறகும் சுற்றியிருந்த எளிய மக்களை எடுத்தார். 1879-ல் இறந்தார். மலையகத்தில் பொகவந்தலாவையில் ஒரு சிறிய தேவாலயத்தின் வளாகத்தில் கணவரும் அவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

48 வயது என்பது நமக்கெல்லாம் இளமை என்று முன்வரிசையில் ஒரு அக்கா சொல்வது கேட்கிறது. சரி, அவருக்காக இன்னொருவர். ஜப்பானில் குமமோட்டோ ஊரைச் சேர்ந்த கிமிகோ நிஷிமோட்டோ. சிகை அலங்காரத் தொழில் பார்த்தவர், சைக்கிள் பந்தய வீராங்கனையாகவும் இருந்தவர், மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 72 வயதில், மகன் நடத்திய புகைப்பட வகுப்பில் மாணவியாகப் போய் உட்கார்ந்தார். தன்னையே படமெடுத்தார். குப்பை போடும் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக் கிடப்பது போல, துணிக்கொடியில் காய்வது போல. அந்தப் படங்களைப் பார்த்து உலகமே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். 2025-ல் தம் 97-வது வயதில் காலமானார். பெற்ற மகனிடம் அம்மா பாடம் கேட்ட வீடு அது. நம் வீடுகளில் போனில் ஒரு சந்தேகம் கேட்டாலே பிள்ளைகளுக்குப் பொறுமை இருப்பதில்லை என்று பலர் வருத்தப்படுகிறீர்கள். வாராவாரம் ஒரு மணி நேரம் என்று நேரம் குறித்துக்கொண்டு முறையாகக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். என் பேரன் எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தான். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் என்னிடம் சொன்ன பள்ளிக்கூடக் கதைகளை வேறு எந்த வேளையிலும் சொன்னதில்லை.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகன் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தான். நம் தலைமுறைக்குக் கேமரா என்றால் ஆக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலில் 12 படம். அந்தப் பன்னிரண்டுக்குள் பொங்கலும் குற்றாலச் சீசனும் அத்தையின் வளைகாப்பும் அடங்க வேண்டும். அதனால்தான் நம் பழைய படங்களில் எல்லோரும் விறைப்பாக, வரிசையாக, நல்ல சேலை கட்டி நிற்கிறோம். ஒருவரும் அரிசி புடைப்பதில்லை, வெற்றிலை மடிப்பதில்லை, திண்ணையில் சாய்ந்து தூங்குவதில்லை. நாம் வாழ்ந்த வாழ்க்கை அந்தப் பன்னிரண்டில் இடம் பெறவில்லை. இப்போது போனிலேயே ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். எடுக்கவும் செய்கிறோம். எதை எடுப்பது என்ற கேள்விதான் மிச்சம். அதற்கு எனக்கு வழிகாட்டியது ஒரு நாய்.

கருப்பன் எங்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய். மழைக்காலத்தில் எங்கள் வாசற்படியில் ஒண்டியவன், பிறகு போகவில்லை. விடிவதற்கு முன்பே என் கட்டிலருகே வந்து நின்று மூச்சுவிடுவான். அவனோடு ஆற்றங்கரைக்கு நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது. நாய்க்கு உகந்த நேரமும் படத்துக்கு உகந்த நேரமும் ஒன்றுதான். நம் ஊரில் பகலில் தார் ரோட்டில் நாயைக் கூட்டிப்போகக் கூடாது, பாதம் வெந்துவிடும். புறங்கையைச் சில விநாடி ரோட்டில் வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதனாலும் முடியாது. ஆகவே காலை, அல்லது சாயங்காலம். அந்த இரண்டு வேளைகளிலும் சூரியன் தாழ்ந்திருக்கும். ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சி வரும். பக்கவாட்டில் விழுவதால் முகத்தின் மேடு பள்ளம் எல்லாம் தெரியும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் இருக்கும். இதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கறுப்பு நாயைப் படமெடுப்பது ஒரு தனிப் பாடம். கேமரா எதைப் பார்த்தாலும் அது நடுத்தரமான சாம்பல் நிறம் என்று கருதி ஒளியைக் கணக்கிடுகிறது. கறுப்பு நாய் சட்டத்தை நிறைத்து நின்றால், இருட்டாக இருக்கிறதே என்று ஒளியைக் கூட்டிவிடும். கருப்பன் வெளிறிப்போய்ச் சாம்பல் பூசினாற்போல வருவான். ஒளியை ஒரு படி குறைக்க வேண்டும். வெள்ளை ராஜபாளையம் நாய் என்றால் நேர்மாறு. ஒரு படி கூட்ட வேண்டும். போனிலும் இதைச் செய்யலாம். திரையைத் தொட்டால் சிறிய சூரியன் போல ஒரு குறி வரும், அதை விரலால் மேலே கீழே நகர்த்துங்கள். ஓடும் நாய் என்றால் விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகமாவது வேண்டும், அதற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. கூர்மை நாயின் கண்ணில் விழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் கண் மட்டத்துக்கு நாம் இறங்க வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். அது யார் என்று தெரியாது. மூட்டுவலிக்காரர்கள் ஒரு குட்டி முக்காலியைக் கொண்டுபோகலாம். திரை மடங்கும் கேமராவாக இருந்தால் நின்றபடியே கீழே பிடித்து எடுக்கலாம். நான் வைத்திருக்கும் ஒற்றைக்கால் தாங்கி ஏறி இறங்கும்போது ஊன்றுகோலாகவும் உதவுகிறது.

நாய் நம்மைப் பார்ப்பதைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். 2015-ல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ப்பவரும் நாயும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால், இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு கூடுகிறது. தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையில் பாசத்தை வளர்ப்பதும் அதே சுரப்புதான். மனிதர் வளர்த்த ஓநாய்களை வைத்துப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. கருப்பன் என்னைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ இளகுகிறதே, அது வெறும் பிரமை இல்லை என்று தெரிந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

இந்த உறவு நம் மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கல் சாட்சி இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல். எருமைகளைக் காத்துப் போரிட்டு இறந்த வீரனுக்காக நட்டது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரை மறக்கக் கூடாது என்று நினைத்து உளியை எடுத்திருக்கிறார்கள். நம் வீட்டு நாயைப் படமெடுப்பதைச் சிறுபிள்ளைத்தனம் என்று யாராவது சொன்னால் இந்தக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டு நாய்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்குத் தியடோர் பாஸ்கரன் இருக்கிறார். தபால் துறையில் உயர் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்திய நாய் இனங்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 2017-ல் வந்தது. அப்போது அவர் எழுபது வயதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் பக்கத்து இனங்களே நாலு. 2005-ல் தபால்தலையிலும் ராஜபாளையம் வந்தது. மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்து நமக்குத் தந்தவரும் பாஸ்கரன்தான். கிருஷ்ணன் நம் திருநெல்வேலியில் 1912-ல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த பெரிய கலைஞர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950-ல் இயற்கையைப் பற்றி எழுதத் தொடங்கிய பத்தியை 1996-ல் தாம் இறக்கும்வரை எழுதினார். 83 வயதிலும் அவருக்கு அணிலிலும் காகத்திலும் எழுதச் செய்தி இருந்தது. அவரைப் போல உயிர்களைப் பார்த்துப் படமெடுக்கக் கூந்தன்குளம் இங்கிருந்து பக்கம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அந்த ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வேன் பிடித்து எல்லோரும் போய் வரலாம் என்று நம் கூட்டத் தலைவரிடம் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குக் கருப்பன் வீட்டில் இருக்கட்டும், கூடு கட்டும் இடத்துக்கு நாயைக் கொண்டுபோகக் கூடாது.

நாய் வளர்க்க ஆசை வந்துவிட்டவர்களுக்கு ஒரு கணக்கு. நாய் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் வாழக்கூடியது. எழுபது வயதில் குட்டியை எடுத்தால், நமக்குப் பிறகு அல்லது நமக்கு முடியாமல் போனால் அதை யார் பார்ப்பார்கள் என்பதை முதலிலேயே பிள்ளைகளிடமோ நண்பரிடமோ பேசி முடித்துவிட வேண்டும். பேசாமல் எடுப்பது அந்த உயிருக்குச் செய்யும் துரோகம். குட்டியைவிட வளர்ந்து நிதானப்பட்ட நாய் நம் வயதுக்கு ஏற்றது. பனிப்பிரதேசத்து ஹஸ்கியை நம் வெயிலில் கொண்டுவந்து மொட்டை மாடியில் கட்டிப்போடுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடக்காதீர்கள். நாய் பூனையைப் பார்த்துப் பாய்ந்தால் உங்கள் இடுப்பெலும்பு தாங்காது. வெறிநோய்த் தடுப்பூசியை ஒரு வருடமும் தள்ளிப்போடாதீர்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு நாள் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். ஓய்வு பெற்றவர் மறுநாள் காலையில் காப்பிக்காக உட்காரும்போது, காப்பி போடுகிறவருக்கு எந்த மாலையும் விழவில்லை. வேலைக்குப் போன என்னைப் போன்ற பெண்களுக்கும் பாதி ஓய்வுதான். ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருடைய பொழுதுபோக்கு இன்னொருவருடைய வேலைச்சுமையில் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்கிறார். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். மர்ஃபி, பிலிப்ஸ் என்று எங்கிருந்தாவது வாங்கி வந்து, காலத்தால் கெட்டுப்போன கன்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றி உயிர் கொடுப்பார். நான் படமெடுக்கப் போகும் காலை வேளையில் அடுப்படி அவருடையது. இதை நாங்கள் பேசித்தான் முடிவு செய்தோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பற்றவைக்கும் கோலோடு அவர் குனிந்திருக்கும் கைகளை நான் நிறைய எடுத்திருக்கிறேன். இத்தனை ஆண்டு குடும்பம் நடத்தியும், அவருடைய இடது கட்டை விரலில் ஒரு பழைய தழும்பு இருப்பதை லென்ஸ் வழியாகத்தான் பார்த்தேன். எப்படி வந்தது என்று கேட்டேன். அவருடைய சிறுவயதின் ஒரு முழுக் கதை அதிலிருந்து வந்தது.

உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் யார் அதிகம் காணோம் என்று பாருங்கள். கேமராவைப் பிடித்தவர் இருக்க மாட்டார். அடுப்படியில் இருந்தவர் இருக்க மாட்டார். என் அம்மாவுக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. ஒரு கல்யாணக் கூட்டத்தில், மூன்றாவது வரிசையில், பாதி முகம். அவர் சிரித்தால் எப்படி இருப்பார் என்று என் பேரனுக்குக் காட்ட என்னிடம் எதுவுமில்லை. இது எனக்குத் தீராத துக்கம். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன். விசேஷ நாளுக்குக் காத்திருக்காதீர்கள். கீரை ஆய்வதை எடுங்கள், மருந்து டப்பாவைத் திறப்பதை எடுங்கள், பேரப்பிள்ளைக்குத் தலை வாருவதை எடுங்கள். கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்து நீங்களும் உள்ளே போய் நில்லுங்கள். பேரப்பிள்ளைகளின் படத்தை வெளியே அனுப்புமுன் மகனையும் மருமகளையும் கேளுங்கள்; அந்தக் குழந்தையின் முகம் அவர்கள் பொறுப்பில் இருப்பது.

எடுத்ததை அச்சிடுங்கள். எல்லாவற்றையும் அல்ல, வருடத்துக்கு ஒரு ஆல்பம் போதும். மீதியைக் கணினியிலும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும், வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமுமாக மூன்று இடத்தில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டு நம் தெருக்களுக்குள் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் பல வீடுகளில் ஒட்டிப்போன கட்டியாகத்தான் வெளியே வந்தன. அவசரப்பட்டு வெயிலில் போட்டார்கள், பிரித்து இழுத்தார்கள், முகங்கள் உரிந்துவந்தன. இனி அப்படி ஒன்று நேர்ந்தால் இதை நினைவில் வையுங்கள். ஈரப் படங்கள் ஒட்டியபடியே காய விடக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு மெல்லப் பிரித்து, அலசி, படப்பக்கம் மேலே இருக்கும்படி துணியின் மேல் நிழலில் பரப்ப வேண்டும். உடனே செய்ய ஆளில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெள்ளம் வராத வீட்டிலும் ஆபத்து உண்டு. எண்பதுகளின் கலர் படங்கள் சிவந்துகொண்டே போகின்றன, அவற்றில் இருக்கும் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் இருந்தாலும் மங்குகிறது. பசை தடவிய பக்கங்களின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்கள் படத்தை மெல்ல அரிக்கின்றன. இன்றைக்கே ஜன்னல் ஓரத்தில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், போனால் ஒவ்வொன்றையும் நேராகப் படியெடுத்துவிடுங்கள்.

பின்பக்கத்தில் பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறைக்கு மேல் யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் வீட்டுக் குழுப்படத்தில் நடுவில் இருப்பது பெரிய தாத்தா என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்று நீங்கள் மட்டும்தான். பெயர், உறவு, ஊர், தோராயமான வருடம், கூட நிற்கும் நாயின் பெயர், எல்லாம் எழுதுங்கள்.

ஆல்பம் கொண்டுவரச் சொல்லியிருந்தோம், பலர் பையோடு வந்திருப்பதைப் பார்க்கிறேன். தேநீர் முடிந்ததும் பக்கத்து அறையில் மேசை போட்டிருக்கிறது. பழைய தடித்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மென்மையான பென்சில் வைத்திருக்கிறேன், அழுத்தாமல் ஓரத்தில் எழுதுங்கள். பளபளப்பான கலர் படத்தில் பென்சில் பிடிக்காது, அதற்குத் தனிப் பேனா இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், தடம் முன்பக்கம் தெரியும். கை நடுங்குகிறவர்கள் சொல்லுங்கள், கூட வந்திருக்கும் பேரப்பிள்ளைகள் எழுதுவார்கள். ஜன்னல் ஓரம் என் பேரன் போனோடு நிற்பான். முதலில் வயதில் மூத்தவர்கள் வாருங்கள்.